எழுபத்து மூன்றில் கட்டிய தாலி

அத்தியாயம் ஆறு

நிரஞ்சனா செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கால்களை நீட்டினாள். மூன்று வாரமாக ஒருத்தியின் கணவனைப் பின்தொடர்ந்து, அவன் திருட்டுத்தனமாகப் போய்வருவது யோகா வகுப்புக்கு என்று அன்று காலைதான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். அந்த மனைவி நன்றிகூடச் சொல்லவில்லை. ஏமாந்த முகத்தோடு எழுந்து போய்விட்டாள்.

ஐம்பத்திரண்டு வயதில் துப்பறியும் தொழில் முதலில் முழங்காலைத்தான் பிடிக்கும் போலிருக்கிறது. பஃபலோ ரோட்டுப் பூக்கடைக்கு மேல் இருந்த அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை மல்லிகை வாசம் மட்டும் குறைவில்லாமல் படியேறி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, கிளையண்ட்!" அஃப்னான் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "புருஷனைத் தேடி வரலை. நம்ம ஆபீசுக்கே இது பெரிய முன்னேற்றம் லா."

அஃப்னான் அவளுடைய உதவியாளன். நாற்பது வயது. முன்பு டாக்சி ஓட்டியவன். பின்சீட்டில் பேசுகிறவர்களுக்கு முன்சீட்டிலும் காது உண்டு என்பது நினைவிருப்பதில்லை, அதுதான் என் படிப்பு என்பான்.

அவன் பின்னால் வந்த பெண் தாதிச் சீருடையில் இருந்தாள். பெயர் இளமதி என்றாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நான் ஒரு டிரையல் கிளினிக்ல வேலை பாக்கறேன்க்கா. புது மருந்தை வெளிய விக்கறதுக்கு முன்னாடி ஆளுங்களுக்குக் குடுத்துப் பார்ப்போம்ல, அது. இப்ப நடக்கறது இதயம் பலவீனமானவங்களுக்கான மாத்திரை. அதுல ஒருத்தர் முத்துசாமி ஐயா, எழுபத்து மூணு வயசு. இன்னிக்குக் காலையில அவரோட ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. பொட்டாசியம் எகிறிக் கிடக்கு. இன்னும் ஒரு மாத்திரை போட்டாலும் இதயம் நின்னுபோகலாம்."

"போன் பண்ணிச் சொல்லலையா?"

"பண்ணேன். 'ஐயா, உங்க விஷயத்துல ஒரு பிரச்சினை, உடனே வாங்க'ன்னேன். கட் பண்ணிட்டார். அப்புறம் போனே ஆஃப். உட்லண்ட்ஸ் வீட்டு நம்பருக்கு அடிச்சா ஒருத்தர் எடுத்து, 'நான்தான் முத்துசாமி, நல்லா இருக்கேன் நர்ஸ், நாளைக்கு வரேன்'னு வச்சுட்டார்."

"அப்ப ஆள் கிடைச்சாச்சே?" என்றான் அஃப்னான்.

"அது அவர் குரல் இல்லை. அவர் என்னை ஒருநாளும் நர்ஸ்னு கூப்பிட்டதில்ல. தாயின்னுதான் கூப்பிடுவார். எங்க மேனேஜர், போலீசுக்குச் சொல்லியாச்சு, அவங்க போய்ப் பார்ப்பாங்கங்கறார். போலீஸ் போனா அந்தக் குரல்தானே கதவைத் திறக்கும்? நல்லா இருக்கேன்னுதானே சொல்லும்?"

நிரஞ்சனா மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். "அடுத்த மாத்திரை எப்போ?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். ஆனா அவர் ஆறு மணிக்கே சாப்பிட்டுருவார்."

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

"அவர் எப்படிப்பட்ட ஆள்? எதாவது சொல்லும்மா. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

இளமதிக்கு அந்தப் பதற்றத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "ரொம்பப் பிரியமான ஆள்க்கா. ஊசி போட்டா கை முழுக்க நீலம் பாரிச்சுடும், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். போன மாசம் மஞ்சப் பையில தேங்காய், லட்டு எல்லாம் கொண்டுவந்து குடுத்தார். 'திரும்பவும் தாலி கட்டிட்டேன் தாயி'ன்னார். கோவில்ல எல்லாரும் சேர்ந்து, இப்பவாவது புருஷன் பேரைச் சொல்லுன்னு பாட்டியைக் கேலி பண்ணாங்களாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வாயால சொன்னதில்லையாம். அன்னிக்கும் சொல்லலையாம்."

"ரெண்டாவது தாலியா?" அஃப்னான் கார்ச் சாவியை எடுத்தான். "எங்க பக்கம் எல்லாம் ஒரே தடவைதான்க்கா. அதுக்கே எனக்கு மூச்சு வாங்குது."

நிரஞ்சனா சிரிக்கவில்லை. எதையோ யோசித்தபடி படியிறங்கினாள். இளமதியை அங்கேயே இருக்கச் சொன்னாள். அந்தப் போன் ஒருவேளை உயிர்பெற்றால், அவள் குரலுக்குத்தான் அவர் பதில் சொல்வார்.

---

வெள்ளிக்கிழமை பிற்பகலில் உட்லண்ட்ஸ் வழியாக எல்லை தாண்டி ஜொகூர் பக்கம் போகும் எந்தச் சாலையும் சாலையாக இருப்பதில்லை. வண்டிகள் ஊர்ந்தன. அஃப்னான் தன் ஆராய்ச்சியை ஆரம்பித்தான்.

"போனை ஆஃப் பண்ணிட்டார். வேற ஆளை வச்சுப் பேசறார். போன மாசம் தாலி வேற கட்டியிருக்கார். இது லவ் கேஸ்க்கா. ரெண்டாவது வீடு இருக்கு."

"நாலு படி ஏறினா மூச்சு வாங்கறவருக்கா?"

"லிஃப்ட் இருக்குல்ல?"

உட்லண்ட்ஸில் அந்த அடுக்குமாடிப் புளோக்கின் லிஃப்ட் பழுதுபார்ப்பில் இருந்தது. மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் நிரஞ்சனாவின் முழங்கால் இரண்டு முறை கெஞ்சியது. அவர்களுக்குப் பின்னால், தோளில் அரிசி மூட்டையும் கையில் காய்கறிப் பைகளுமாக ஒருவர் விறுவிறுவென்று ஏறி வந்து, "கொஞ்சம் வழி விடும்மா," என்று அவர்களைத் தாண்டிப் போனார். அவர்கள் தேடி வந்த கதவையே திறந்தார்.

"முத்துசாமி ஐயாவா?" என்றாள் நிரஞ்சனா, மூச்சு வாங்கியபடி.

அவர் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினார். நரைத்த பெரிய மீசை. வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "ஆமா. நீங்க?"

"கிளினிக்லேருந்து இளமதி அனுப்பினாங்க."

மீசை ஒரு கணம் அசையாமல் நின்றது. "நான்தான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேனே. ஜொகூர் போய்ச் சாமான் எல்லாம் வாங்கிட்டு வரேன், பாருங்க."

"பார்த்தோம். எங்களைவிட நல்லா இருக்கீங்க," என்றான் அஃப்னான்.

நிரஞ்சனா கேட்காமலே சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தால்தான் அவளுக்குக் கண் சரியாகத் தெரியும். பனியனுக்கு வெளியே இருந்த அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். வெயிலில் கறுத்து, வழுவழுப்பாக, ஒரு புள்ளி நீலமில்லாமல் இருந்தன.

"இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா ஐயா?"

"ஓ, காலையிலேயே போட்டாச்சு."

"ஐசியைக் கொஞ்சம் காட்டுங்களேன், அடையாள அட்டையை."

"அது... எங்கேயோ வச்சுட்டேன். ஜொகூருக்குப் பாஸ்போர்ட்தானே."

சுவரில் ஒரு பெரிய வண்ணப் படம் மாட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு வயதான தம்பதி மணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் அவர்கள் தலையில் கலசத்து நீரை ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவி வெட்கத்தில் தலை குனிந்திருந்தாள். தம்பதிக்குப் பின்னால், இன்னொரு கலசத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவர் இப்போது எதிரில் நிற்கும் இவர். மணையில் இருந்தவருக்கும் அதே மீசை, அதே நெற்றி. நரை மட்டும் கூடுதல்.

"படத்துல இருக்கறது உங்க அண்ணனா?"

அவர் குனிந்து காய்கறிப் பைகளை நகர்த்தி வைத்தார்.

"அறுபதுல ஒரு தடவை தாலி கட்டுவாங்க. சிலர் எழுபதுல கட்டுவாங்க. அப்புறம் எண்பதுல. எழுபத்து மூணுல கட்டினதா நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்ல." நிரஞ்சனாவின் குரலில் கண்டுபிடித்த பெருமை எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. "எங்க இளமதி சின்னப் பொண்ணு. கல்யாண நாள் கொண்டாட்டம்னு நினைச்சுட்டு லட்டைச் சாப்பிட்டுட்டா. கிளினிக்குக்கு உங்க ஐசியை எடுத்துட்டுப் போறவருக்கு எண்பது வயசு, இல்லையா?"

"இல்லம்மா, நான்தான்..."

"ஐயா, உங்களைப் பிடிச்சுக் குடுக்க வரலை. அவர் ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக் கிடக்கு. இன்னிக்கு ராத்திரி மாத்திரை போட்டார்னா, காலையில உங்களுக்கு அண்ணன் இருக்கமாட்டார்."

முத்துசாமி அரிசி மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாடி அசைக்க முடியாத மனிதரை ஒரு வாக்கியம் உட்கார வைத்துவிட்டது.

"காலையில அண்ணன் கூப்பிட்டு, 'வயசு தெரிஞ்சுபோச்சுடா, யார் கேட்டாலும் நீதான்னு சொல்லிடு, நான் போனை அணைக்கறேன்'னார்மா. நான் அதுக்குத்தான்..."

"வீடு எங்கே?"

"டேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துல. பஃபலோ ரோடு, பூக்கடைங்களுக்கு எதிர் புளோக். ஏழாவது மாடி, வாசல்ல துளசித் தொட்டி இருக்கும்."

அஃப்னான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, நம்ம ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருந்தாலே வந்திருப்பார்."

நிரஞ்சனா அதற்குள் இளமதியை அழைத்துவிட்டாள். "ஜன்னல் வழியா எதிர் புளோக்கைப் பாரும்மா. ஏழாவது மாடி, வாசல்ல துளசித் தொட்டி இருக்கற வீடு. ஓடு. மாத்திரையைப் பிடுங்கு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மத்ததெல்லாம் அப்புறம்."

---

திரும்பி வரும் வழியில் முத்துசாமி முன்சீட்டில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே கோளாறுதாம்மா. ரெண்டு பேருக்குமே ஹார்ட் வீக். அண்ணிக்கு இந்த வருஷம் ரொம்ப முடியல. டாக்டர் சொன்னார், புதுசா ஒரு மருந்து வருது, ஆனா எழுபத்தஞ்சுக்கு மேல யாருக்கும் குடுத்துப் பாக்கலை, வந்தாலும் இவங்க வயசுக்குக் குடுக்க எனக்குத் தைரியம் வராதுன்னு. அண்ணன் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் என்கிட்ட வந்து, 'எங்க வயசுல ஒருத்தன் சாப்பிட்டாத்தானே தெரியும், உன் ஐசியைக் குடு'ன்னார்."

"அவர் பாட்டிக்குக் குடுக்கலையே?" என்றான் அஃப்னான் சட்டென்று.

"சேச்சே. முதல்ல நான் சாப்பிட்டுப் பாக்கறேன், எனக்கு ஒத்துக்கிச்சுன்னா அவளுக்குத் தைரியமாக் குடுப்பாங்கன்னார். அண்ணிக்கு எதுவும் தெரியாது. கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளினிக் போவார்."

எதிர்ப்பக்கம் ஜொகூருக்குப் போகும் வண்டிகள் வரிசையாக நின்றன. நிரஞ்சனா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தொழிலில் பொய்களைக் கண்டுபிடித்துச் சலித்துப் போயிருந்தது. இப்படி ஒரு பொய்யை அவள் பார்த்ததில்லை.

"ஐயா, அவர் எண்பது வயசுல சாப்பிட்டார். ஆனா அங்க எழுபத்து மூணுன்னுதானே பதிவாகியிருக்கு?"

"ஆமா."

"அப்ப அவர் உயிரைக் குடுத்துச் சாப்பிட்டாலும், எழுபத்து மூணு வயசுக்காரருக்கு என்ன ஆச்சுன்னுதானே அது சொல்லும்? உங்க அண்ணியோட வயசைப் பத்தி ஒண்ணுமே சொல்லாதே."

முத்துசாமி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "அதை நாங்க யோசிக்கவே இல்லையேம்மா," என்றார்.

அஃப்னான் வண்டியை அடுத்த தடத்துக்கு மாற்றினான்.

போன் அடித்தது. இளமதி. "தட்டுல சோறு போட்டாச்சுக்கா, பக்கத்துலயே மாத்திரை இருந்துச்சு. எடுத்துட்டேன். ஆனா ஆள் தலை சுத்துதுன்னு சரிஞ்சுட்டார், மயக்கம். ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டிருக்கோம். பேர், ஐசி எல்லாம் குடுத்தாச்சு. பாட்டியும் கூட வராங்க." ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி வைத்துவிட்டாள்.

"அப்பாடா," என்றான் அஃப்னான்.

நிரஞ்சனாவின் கண் சட்டென்று திறந்தது. "எந்த ஐசி?"

"அண்ணன்கிட்ட இருக்கறது என்னோடதுதானேம்மா," என்றார் முத்துசாமி.

"ஐயா, உங்களுக்கு என்னென்ன மருந்து இருக்கு?"

"எனக்கா? ஒண்ணுமில்ல. எப்பவாவது தலைவலி மாத்திரை."

"அண்ணனுக்கு?"

"பிரஷருக்கு ரெண்டு. அப்புறம் கால் வீக்கத்துக்கு ஒண்ணு. கிட்னி வேற கொஞ்சம்... அதெல்லாம் அவர் பேர்லதான் இருக்கும்."

அந்த ஆஸ்பத்திரியில் இந்நேரம் ஒரு மருத்துவர் முத்துசாமியின் பெயரைத் திரையில் தட்டி, எந்த மருந்தும் இல்லாத, கிட்னிக் கோளாறு இல்லாத ஒரு திடகாத்திரமான மனிதரின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். படுத்திருப்பதோ வேறு ஒருவர். நிரஞ்சனா இளமதிக்கு மறுபடி மறுபடி அடித்தாள். அவரோடு உள்ளே போய்விட்டாள் போல, அவள் எடுக்கவில்லை.

"அஃப்னான்."

"தெரியுதுக்கா." டாக்சிக்காரன் விழித்துக்கொண்டான். அதன்பின் அவன் ஓட்டியதை நிரஞ்சனா பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

---

அவசரப் பிரிவின் பதிவு மேசையில் நஸீஹா என்ற பெயர்ப் பட்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப ஆம்புலன்ஸ்ல வந்தவர் பேர் தப்பு," என்றாள் நிரஞ்சனா, மேசையைப் பிடித்துக்கொண்டு. "அவர் முத்துசாமி இல்லை. உடனே டாக்டர்கிட்ட சொல்லணும்."

"நீங்க அவருக்கு யாரு?"

"நான் யாருமில்ல."

"சாரிக்கா. ஐசி குடுத்துத்தான் பதிஞ்சிருக்கோம். குடும்பத்துல ஒருத்தர் சொன்னாத்தான் மாத்த முடியும்."

முத்துசாமி முன்னால் வந்தார். "நான் தம்பிம்மா. அது என் ஐசி. நான்தான் முத்துசாமி."

"உங்க ஐடி?"

அவர் மாற்றிப் போட்டு வந்த சட்டையின் பையைத் தடவினார். பாஸ்போர்ட், கழற்றிய சட்டையோடு உட்லண்ட்ஸ் நாற்காலியில் கிடந்தது. நஸீஹா அவரையும் திரையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதில் எடுத்த படம். அதே பெரிய மீசை. உள்ளே படுத்திருப்பவருக்கும் அதே மீசை.

"அங்கிள், என்னைக் குழப்பாதீங்க. ரெண்டு முத்துசாமியா?"

அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை நிரஞ்சனா பார்த்தாள். படத்தில் தலை குனிந்திருந்தவள். வீட்டுச் சேலை, மடியில் கைப்பை, கழுத்தில் புது மஞ்சள் மாறாத கயிறு. பாக்கியலட்சுமி.

"அண்ணி, யார் என் ஐசியைக் குடுத்தது?"

"அந்தப் பையன்தான் ஆம்புலன்ஸ்ல வந்து, பேர் என்ன, பேர் என்னன்னு கேட்டான்." குரல் தளர்ந்திருந்தது. "நான் எப்படிச் சொல்றது? சட்டைப்பையில இருந்த அட்டையை எடுத்துக் குடுத்தேன். அதுல எழுதியிருக்கும் பாருங்கன்னேன். கண்ணாடி வீட்டுல இருக்கு."

நஸீஹா எழுந்து வந்துவிட்டாள். "பாட்டி, நீங்க அவர் வைஃப்தானே? நீங்க சொன்னாப் போதும். அவர் பேர் என்ன?"

பாக்கியலட்சுமி கொழுந்தனைப் பார்த்தாள்.

"அண்ணி சொல்லமாட்டாங்க," என்று முத்துசாமி நிரஞ்சனாவிடம் முணுமுணுத்தார். "நான் சொல்றேனே, நான்..."

"உங்களைத்தான் நான் யாருன்னே தெரியாம நிக்கறேன் அங்கிள்!"

நிரஞ்சனா முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு அந்த அம்மாளின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். விளக்க நேரமில்லை. ஆனால் இவளுக்குத் தெரியாமலே எல்லாம் நடந்துவிட்டது. இனியும் அப்படி நடக்கக்கூடாது.

"அம்மா, உங்களுக்கு அந்த மருந்து கிடைக்கணும்னு, தம்பி பேர்ல வயசைக் குறைச்சுச் சொல்லி அவர் சாப்பிட்டுப் பாத்திருக்கார். இப்ப உள்ள அவர் தம்பியா நினைச்சு வைத்தியம் பாக்கறாங்க. அவரோட கிட்னியும் அவரோட மாத்திரையும் அவங்களுக்குத் தெரியாது."

பாக்கியலட்சுமியின் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. "நான் கேட்டேனா?" என்றாள் யாரிடமோ. பிறகு கைப்பையை முத்துசாமியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். மேசை வரைக்கும் தானே நடந்தாள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அய்யாக்கண்ணு," என்றாள்.

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது.

"அய்யாக்கண்ணு. வயசு எண்பது. சீக்கிரம் எழுதும்மா."

நஸீஹாவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அடுத்த நிமிடம் உள்ளே யாரோ யாரையோ அவசரமாக அழைக்கும் குரல் கேட்டது.

---

வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்த பிறகுதான் அவரைப் பார்க்க அனுமதித்தார்கள். சரியான கணக்கைப் பார்த்ததும் மருந்தை மாற்றினார்கள் என்று இளமதி சொன்னாள். இன்னும் சில நாள் இங்கேதான். ஐசி விஷயத்துக்கு அண்ணனும் தம்பியும் பதில் சொல்லியாக வேண்டும். அது நாளைக்கு.

அய்யாக்கண்ணு கட்டிலில் சோர்ந்து கிடந்தார். மீசைக்கு மேல் ஆக்ஸிஜன் குழாய். கைகள் முழுக்க நீலம். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாக்கியலட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள்.

"உங்களைப் பரிசோதனையிலேருந்து எடுத்துருவாங்க ஐயா," என்றாள் இளமதி.

"அப்ப எல்லாம் வீணா தாயி?"

இளமதி சற்றுத் தயங்கினாள். "இதுவரைக்கும் எழுதின கணக்கெல்லாம் தள்ளிருவாங்க. ஆனா இன்னிக்கு உங்களுக்கு உடம்பு கெட்டதை யாரும் தள்ள முடியாது. அதை நான்தான் மேல எழுதி அனுப்பணும். எண்பது வயசு, கூட இன்னின்ன மாத்திரைன்னு உள்ளது உள்ளபடி எழுதுவேன். எண்பது வயசுக்காரங்களைப் பத்தி எங்ககிட்ட இருக்கப்போறது அது ஒண்ணுதான்."

"எழுது. ஒத்துக்கலைன்னே எழுது." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவளுக்குக் குடுக்காம இருப்பாங்கள்ல."

வாசலில் சாய்ந்து நின்ற அஃப்னான் நிரஞ்சனாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். செருப்பிலிருந்து காலை மெதுவாக உருவினாள்.

அய்யாக்கண்ணு ஒரு கண்ணைத் திறந்தார்.

"தாயி, இவ என் பேரைச் சொன்னாளாமே?"

"சொன்னாங்க ஐயா. ஹால் முழுக்கக் கேட்டுச்சு."

"நான் கேக்கலையே." நீலம் பாரித்த விரல்கள் மனைவியின் கையை லேசாக அசைத்தன. "இன்னொரு தடவை சொல்லச் சொல்லேன்."

பாக்கியலட்சுமி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கையையும் விடவில்லை.

"நூறு வயசு வரைக்கும் இருங்க," என்றாள். "சொல்றேன்."